சீருடை கட்டாயம் என்றால் எது கட்டாயம்?

பள்ளிச் சீருடை பற்றிய விவாதம் ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் அது செலவு பற்றிய புலம்பலாக இருக்கும். எங்காவது ஒரு மாணவி வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டால் மத உரிமை பற்றிய சண்டையாகும். தென்மாவட்டப் பள்ளி ஒன்றில் அரிவாள் வெட்டு நடந்தால் சாதி அடையாளம் பற்றிய பேச்சாகும். மூன்றுக்கும் ஒரே சொல் புழங்குவதால், ஒன்றுக்குச் சொன்ன விடையை மற்றொன்றுக்கும் ஒட்டவைத்துவிடுகிறோம். 'ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு தெரியாமலிருக்கத்தானே சீருடை' என்ற நியாயமான வாதம், ஒரு மாணவியின் தலைத்துணியை அகற்றச் சொல்லும்போதும் எடுத்து நீட்டப்படுகிறது. அந்த வாதம் அங்கே பொருந்துகிறதா என்று நின்று பார்ப்பவர் குறைவு. முடிச்சுப் போட்டுக் கிடக்கும் இந்த இழைகளை முதலில் பிரித்துவிட்டால், 'கட்டாயமாக்கலாமா' என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதாகும்.

ஒரு சொல்லுக்குள் நான்கு விதிகள்

'எங்கள் பள்ளியில் சீருடை கட்டாயம்' என்று ஒரு நிர்வாகம் அறிவிக்கும்போது, உண்மையில் நான்கு தனித்தனி விதிகளை அது அறிவிக்கிறது.

1. எதை உடுத்த வேண்டும்: துணி, நிறம், வெட்டு, காலணி.

2. எதை அணியக் கூடாது: நகை, கைக்கயிறு, தலைத்துணி, நகப்பூச்சு, குறிப்பிட்ட வகை முடிவெட்டு.

3. யாருக்கு விலக்கு உண்டு: மதம், உடல்நலம், ஊனம், வறுமை போன்ற காரணங்களுக்காக விதி எங்கே தளரும்.

4. மீறினால் என்ன நடக்கும்: அறிவுரையா, பெற்றோருக்குக் கடிதமா, வகுப்புக்கு வெளியே நிற்பதா, வீட்டுக்குத் திரும்புவதா.

முதல் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற எண்ணம் பரவலாக உண்டு, அது தவறு. பிரான்சின் அரசுப் பள்ளிகளில் பொதுவாகச் சீருடை கிடையாது, ஆனால் கண்ணில் படும்படியான மத அடையாளங்களை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அங்கே இரண்டாம் விதி இருக்கிறது, முதல் விதி இல்லை. இங்கிலாந்திலோ சீருடையில் மிகக் கண்டிப்பான பள்ளிகள் பல, பள்ளியின் நிறத்தில் தலைத்துணி அணிந்துகொள்ள இடம் தருகின்றன. முதல் விதி இருக்கிறது; இரண்டாவது தளர்ந்திருக்கிறது. ஆகவே ஒருவர் சீருடையை முழுமனதோடு ஆதரித்துக்கொண்டே தடையை எதிர்க்கலாம். அதில் முரண்பாடு ஏதும் இல்லை.

மூன்றாவதும் நான்காவதும் பெரும்பாலும் எழுதி வைக்கப்படுவதே இல்லை. தலைமையாசிரியரின் அன்றைய மனநிலைதான் அங்கே விதி. நீதிமன்றம் வரை போன வழக்குகளைப் பார்த்தால், சண்டை கிளம்பிய இடம் பெரும்பாலும் இந்த எழுதப்படாத பகுதியாகவே இருந்திருக்கிறது.

கொடுத்த பிறகு கேட்ட மாநிலம்

தமிழ்நாட்டுப் பொதுப்பள்ளிகளில் சீருடை பரவிய வழி, இந்த விவாதத்தில் அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பிலும் இருந்த 1950களின் இறுதியில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தப்பட்டன. ஊர்மக்கள் தம் ஊர்ப் பள்ளிக்கு மேசை, நாற்காலி, கட்டடம் என்று கொடுத்த நன்கொடைகளில் பிள்ளைகளுக்கான சீருடையும் இருந்தது. அதற்கு முன்பே, 1956இல், மதிய உணவு தொடங்கியிருந்தது. பசியும் கந்தலும் பள்ளிக்கு வரவிடாமல் தடுக்கும் இரு காரணங்கள், இரண்டையும் நீக்கினால் பிள்ளைகள் வருவார்கள் என்பதே அந்தக் காலத்துக் கணக்கு. உடை ஒழுங்கின் கருவியாகப் பார்க்கப்படுவதற்கு முன், சோறு போலவே ஒரு தேவையாகப் பார்க்கப்பட்டது.

1982இல் சத்துணவுத் திட்டம் விரிந்த பிறகு, விலையில்லாச் சீருடையும் அதனோடு இணைக்கப்பட்டது. 2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து, சத்துணவு உண்ணும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை என்று அளவு உயர்ந்தது. ஈரோடு, சேலம் போன்ற மாவட்டங்களின் விசைத்தறிகளுக்கும் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இந்தத் துணி நிலையான வேலை. தைப்பது மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் வேலை. பள்ளிப் பிள்ளையின் சட்டைக்குப் பின்னால் நெசவாளர் கூலியும் கைம்பெண்கள் பலரின் வீட்டுச் செலவும் இருக்கின்றன என்பதால், இத்திட்டத்தைக் கல்வித் துறையின் கணக்கில் மட்டும் வைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சீருடை அணிய வேண்டும் என்ற விதியோ பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை வேகமாக வளரும் வயதில் இருக்கும், பழைய சட்டை பொருந்தாது, குடும்பத்தில் 'இனிப் படித்தது போதுமே' என்ற பேச்சு எழுவதும் அந்த வயதில்தான். கொடுப்பது எங்கே நிற்கிறதோ அங்கே கேட்பதும் தளர வேண்டும் என்பது எளிய நியாயம். நடைமுறையில் அப்படி இல்லை.

சமத்துவம்: சட்டைக்கு மேலும் கீழும்

சீருடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மையான வாதம் சமத்துவம். அது பொய்யல்ல. ஒரே வகுப்பில் ஐம்பது பேர் உட்காரும்போது, தீபாவளித் துணியையே ஆண்டு முழுவதும் உடுத்த வேண்டிய பிள்ளையும் மாதம் ஓர் உடை வாங்கும் பிள்ளையும் ஒன்றாகத் தெரிவது சிறிய ஆறுதல் அல்ல. பிறந்தநாளன்று மட்டும் 'கலர் டிரெஸ்' அணியலாம் என்ற வழக்கம் உள்ள பள்ளிகளில், புதுத்துணி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் தம் பிறந்தநாளை மறைப்பதுண்டு. சீருடை மறைத்து வைப்பது என்ன என்று அந்த ஒரு நாள் காட்டிவிடும்.

எனினும் அந்தச் சமத்துவத்துக்கு எல்லை உண்டு. ஒரே பள்ளிக்குள் வேறுபாட்டை மறைக்கும் அதே துணி, பேருந்து நிறுத்தத்தில் வேறுபாட்டைப் பறைசாற்றுகிறது. கழுத்துப்பட்டையும் முழுக்காலணியும் அணிந்த பிள்ளை எந்தப் பள்ளி, அருகில் நிற்கும் பிள்ளை எந்தப் பள்ளி என்பதை ஊரே அறியும். (முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் ஒரு குழந்தையின் கழுத்தில் கட்டப்படும் பட்டைக்கு, 'நாங்கள் அரசுப் பள்ளி இல்லை' என்று சொல்வதைத் தவிர வேறு பயன் இருப்பதாகத் தெரியவில்லை.)

இதைவிட முக்கியமானது, சட்டையில் சொல்ல முடியாததை உடலின் வேறோர் இடத்தில் சொல்லிவிடும் திறமை. தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கு ஒரு நிறமாகக் கைக்கயிறு கட்டும் வழக்கம் இதற்குச் சான்று. 2019 ஆகஸ்டில் பள்ளிக்கல்வித் துறை இதற்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டில் வைத்து வெட்டப்பட்டதை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது.

கயிறுக்கான தடையைப் புரிந்துகொள்வது எளிது. அங்கே அந்தக் கயிறு அணி பிரிக்கவும் அச்சுறுத்தவும் பயன்படுகிறது, அதன் விளைவு கண்முன் நிற்கிறது. நெற்றிக்குறிக்கு வரும்போது வாதம் மெலிகிறது. திருநீறு பூசி வரும் எல்லாப் பிள்ளைகளும் சாதி அணி சேர்க்கிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தடை கேட்பவர், தடை செய்யப்படும் பொருள் விளைத்த தீங்கைக் காட்ட வேண்டும் என்ற அளவுகோலை ஏற்றால், அது திருநீற்றுக்கும் தலைத்துணிக்கும் சிலுவைக்கும் ஒரே மாதிரிப் பொருந்த வேண்டும். ஒன்றுக்கு ஆதாரம் கேட்டு, இன்னொன்றுக்குக் கேட்காமல் விடுவதுதான் நம் விவாதங்களின் வாடிக்கை.

பயன் உண்டா: ஆய்வுகள் சொல்வது

சீருடை ஒழுக்கத்தை வளர்க்கிறது, மதிப்பெண்ணை உயர்த்துகிறது என்ற கருத்து அமெரிக்காவில் 1990களில் வேகமெடுத்தது. கலிபோர்னியாவின் லாங் பீச் பள்ளி மாவட்டம் 1994இல் தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்குச் சீருடையைக் கட்டாயமாக்கியது. குற்றங்கள் குறைந்ததாகச் செய்தி வந்தது. 1996இல் அதிபர் கிளிண்டன் தம் நாடாளுமன்ற உரையிலேயே சீருடையைப் பரிந்துரைத்தார். ஆனால் அதே காலத்தில் அங்கே வேறு பல பாதுகாப்பு ஏற்பாடுகளும் செய்யப்பட்டிருந்தன என்பதால், குறைவுக்குக் காரணம் சட்டையா மற்றவையா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. 1998இல் பிரன்ஸ்மா, ராக்கிமோர் ஆகிய இரு சமூகவியலாளர்கள் நாடளாவிய தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், போதைப்பழக்கம், நடத்தைச் சிக்கல், வருகை ஆகியவற்றில் சீருடைக்கு நேரடியான விளைவு காணப்படவில்லை.

கென்யாவிலிருந்து வந்த முடிவு வேறு. அங்கே சீருடை இல்லாத பிள்ளை பள்ளிக்கு வரத் தயங்கும் சூழலில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கு இலவசமாகச் சீருடை கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கு வராத நாள்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. ஏற்கெனவே சீருடை இல்லாதிருந்த பிள்ளைகளிடம் குறைவு இன்னும் அதிகம். ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிச் சென்று பார்த்தபோது அந்த நன்மை நிலைத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டு முடிவுகளும் முரண்படுகின்றனவா? இல்லை. அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது உடுத்தச் சொல்வதன் விளைவு, கென்யாவில் சோதிக்கப்பட்டது கொடுப்பதன் விளைவு. முதலாவது பெரிதாக எதையும் மாற்றவில்லை. இரண்டாவது, சீருடை விதி தானே ஏற்படுத்தியிருந்த தடையைத்தான் ஒருவகையில் நீக்கியது. காமராசர் காலத்துக் கணக்கு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இன்றைய 'ஒழுங்கு' வாதம் முதல் வகையைச் சேர்ந்தது. அதற்கு வலுவான சான்று இல்லை.

உடுப்பி: நான்கு கேள்விகளும் ஒரே முடிவும்

2021 இறுதியில் கர்நாடகத்தின் உடுப்பியில் பெண்களுக்கான அரசுப் புகுமுகக் கல்லூரி ஒன்றில், அதாவது நம் மேல்நிலை வகுப்புக்கு இணையான நிலையில், ஹிஜாப் அணிந்த மாணவிகள் வகுப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. சிக்கல் பிற ஊர்களுக்கும் பரவி, காவித்துண்டு அணிந்த எதிர்ப்பும் கிளம்பிய நிலையில், 2022 பிப்ரவரி 5 அன்று மாநில அரசு ஆணை பிறப்பித்தது. 1983ஆம் ஆண்டின் கர்நாடகக் கல்விச் சட்டத்தின்கீழ் வந்த அந்த ஆணை, இத்தகைய கல்லூரிகளில் கல்லூரி வளர்ச்சிக் குழு முடிவுசெய்யும் சீருடையை அணிய வேண்டும் என்றது. அப்படி ஒன்று முடிவு செய்யப்படாவிட்டால், சமத்துவத்தையும் பொது ஒழுங்கையும் குலைக்காத உடை அணிய வேண்டும் என்றது.

உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2022 மார்ச் 15 அன்று நான்கு கேள்விகளுக்கு விடையளித்தது. ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத மத வழக்கம் அல்ல, சீருடை விதிப்பது நியாயமான கட்டுப்பாடு, அரசாணை செல்லும், கல்லூரி நிர்வாகத்தினர்மீது நடவடிக்கை எடுக்க முகாந்திரம் இல்லை. இவற்றுள் முதல் விடைதான் அதிகம் பேசப்பட்டது. 'இன்றியமையாத மத வழக்கம்' என்பது 1954ஆம் ஆண்டின் சிரூர் மட வழக்கிலிருந்து வளர்ந்த ஓர் அளவுகோல்: ஒரு வழக்கத்தை நீக்கினால் அந்த மதமே மாறிவிடுமா என்று நீதிமன்றமே ஆராய்ந்து முடிவு கூறும். பதினேழு வயது மாணவி வகுப்பில் உட்காரலாமா என்பதை வேதநூல் ஆராய்ச்சியால் தீர்மானிக்க வேண்டிய நிலை இதனால் உருவாகிறது.

2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறுபட்டனர். நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். நீதிபதி சுதான்ஷு தூலியா, மத வழக்கம் பற்றிய ஆய்வே இங்கு தேவையில்லை, இது மாணவியின் தெரிவு பற்றியது, அவளுடைய கல்வியைப் பறிப்பதால் அவள் வாழ்வு மேம்படுமா என்பதே கேள்வி என்றார். வழக்கு பெரிய அமர்வுக்கு அனுப்பப்படும்படி தலைமை நீதிபதியிடம் வைக்கப்பட்டது. தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்துவிடும் என்பதால், நடைமுறையில் மாணவிகளுக்கு எதுவும் மாறவில்லை.

இங்கே ஒரு சட்ட இடைவெளியைக் கவனிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு மாணவிக்கு இந்தக் காப்பு உண்டு. அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையிலானோருக்கே பொருந்துவதால், உடுப்பி மாணவிகளின் வயதில் அந்தக் காப்பு இல்லை. தமிழ்நாட்டில் விலையில்லாச் சீருடை நின்றுபோகும் அதே வயதில் சட்டக் காப்பும் நின்றுபோகிறது.

டர்பன்: ஒரு மூக்குத்தி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் 2004இல் மூக்குக் குத்திக்கொண்டார். காதணி தவிர வேறு நகை கூடாது என்பது பள்ளியின் விதி. பருவமெய்திய பெண்ணுக்கு மூக்குத்தி அணிவிப்பது தம் குடும்ப மரபு என்று தாய் விளக்கியும் பள்ளி ஏற்கவில்லை. வழக்கு அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்று, 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பியஸ் லாங்கா தீர்ப்பு எழுதினார்.

மூக்குத்தி மதத்தால் கட்டாயமில்லை என்பதை அந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் விலக்கு மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று முடிவு செய்தது. மனமார ஏற்று ஒருவர் பின்பற்றும் மத, பண்பாட்டு வழக்கத்துக்கு, அது கட்டாயமானது இல்லை என்பதாலேயே காப்பு மறுக்க முடியாது. விதி தேவையானது என்பது வேறு, இந்த ஒரு மாணவிக்கு விலக்கு தந்தால் ஒழுங்கு குலையும் என்பது வேறு, இரண்டாவதைப் பள்ளி நிறுவவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னும் இத்தீர்ப்பு வைக்கப்பட்டது. மூக்குத்தி கண்ணுக்கு அதிகம் தெரியாத அளவு சிறியது என்று சொல்லி நீதிமன்றம் அதை விலக்கிவைத்தது. டர்பன் தீர்ப்பின் தர்க்கம் பொருளின் அளவைச் சார்ந்து நின்றதாகத் தெரியவில்லை என்பதால், அந்த விலக்கல் பலவீனமானது என்றே சொல்ல வேண்டும்.

தடைக்கு ஆதரவாகக் காட்டப்படும் லூட்டன் நகரப் பள்ளி வழக்கையும் (பிரிட்டன் பிரபுக்கள் அவை, 2006) முழுதாகப் படித்தால் வேறு படம் கிடைக்கும். உடல் முழுவதும் மூடும் ஜில்பாப் அணிய அனுமதி மறுத்த அந்தப் பள்ளி, சல்வார் கமீசையும் தலைத்துணியையும் ஏற்கெனவே தன் சீருடையில் சேர்த்திருந்தது. பெற்றோரையும் உள்ளூர்ப் பள்ளிவாசல்களையும் கலந்து பேசிய பின்னரே அதை வடிவமைத்தது. பள்ளி வென்றதற்கு அந்தக் கலந்தாய்வு ஒரு காரணம்.

வடிவமும் விலையும்

வடிவத்தைக் கலந்து பேசி மாற்றுவது புதிதல்ல. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாவாடை தாவணி இருந்த இடத்துக்குச் சுடிதார் வந்தது, அரைக்கால் சட்டை இருந்த இடத்துக்கு முழுக்கால் சட்டை வந்தது. யாருடைய பண்பாடும் அழியவில்லை. கேரளத்தில் பெரும்பாவூரை அடுத்த வளயஞ்சிரங்கரை அரசுத் தொடக்கப் பள்ளி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி முக்கால் கால்சட்டையைக் கொண்டுவந்தது. 2021 இறுதியில் பாலுச்சேரி மேல்நிலைப் பள்ளி அதே வழியில் சென்றபோது சில அமைப்புகள் எதிர்த்தன.

விலை பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல் தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் சீருடைச் செலவை மாநில அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. பள்ளிச் சின்னம் நெய்த துணியைச் சந்தையில் வேறு எங்கும் வாங்க முடியாது என்பதால், எந்தச் சுற்றறிக்கையும் அந்தச் சின்னத்தைத் தாண்டி உள்ளே போவதில்லை.

எப்போது கட்டாயமாக்கலாம்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து, பள்ளிக் கல்வியில் சீருடையைக் கட்டாயமாக்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் அது சில நிபந்தனைகளோடு சேர்ந்தது.

1. கேட்பவர் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை; தனியார் பள்ளியில், எந்தக் கடையிலும் கிடைக்கும் துணியாகவாவது இருக்க வேண்டும்.

2. தடை விதிக்கும் பள்ளி, தடை செய்யப்படும் பொருள் அந்தப் பள்ளியில் விளைத்த தீங்கைக் காட்ட வேண்டும். கைக்கயிறு இந்தச் சோதனையில் தேறும். 'பார்க்க ஒரே மாதிரி இல்லை' என்பது தீங்கு ஆகாது.

3. விலக்கு கேட்கும் வழி எழுத்தில் இருக்க வேண்டும், யார் முடிவு செய்வார், எத்தனை நாளில் என்பது உட்பட.

4. எந்த மீறலுக்கும் தண்டனை வகுப்பை இழப்பதாக இருக்கக் கூடாது.

நான்காவது நிபந்தனைதான் மற்ற மூன்றையும் தாங்குவது. காரணம், வழக்குகள் பள்ளிப் பருவத்தைவிட நீண்டவை. டர்பனில் வழக்கு நடந்தபோது, மாணவியின் மூக்குத்தியில் பள்ளி தலையிடக் கூடாது என்று 2005இலேயே இடைக்கால ஆணை கிடைத்தது. இறுதித் தீர்ப்பு வந்த 2007 அக்டோபரில் அவர் அந்தப் பள்ளியிலேயே இல்லை. உடுப்பி வழக்கில் 2022 பிப்ரவரி 10 அன்று வந்த இடைக்கால ஆணை எதிர்த்திசையில் சென்றது: வழக்கு முடியும்வரை மத அடையாள உடைகளோடு வகுப்புக்கு வரக் கூடாது. அந்த ஆண்டுத் தேர்வுகள், உச்ச நீதிமன்றம் இரண்டாகப் பிரிவதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிட்டன.